கமலா ஹாரிஸின் மாநில வாக்கு பலம்: 2010 கணக்கைத் திரும்பப் போட்டால்

கமலா ஹாரிஸின் தேர்தல் பலம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரு தரப்பும் கலிபோர்னியாவைத்தான் சாட்சிக்கு அழைக்கும். ஆதரவாளர்கள், 2010-லும் 2014-லும் அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) பதவிக்கு, 2016-ல் செனட்டுக்கு என மாநில அளவில் மூன்று முறை நின்றார், மூன்றிலும் ஜெயித்தார் என்பார்கள். மறுதரப்பு, ஜனநாயகக் கட்சியின் கோட்டையிலேயே 2010-ல் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பியவர் என்று சொல்லும். தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டியபோதும், 2024 நவம்பர் அதிபர் தேர்தலில் அவர் தோற்ற பிறகும், தமிழில் நடந்த விவாதங்கள் இந்த இரண்டு வாக்கியங்களைத் தாண்டவில்லை.

இரண்டுமே உண்மைதான். ஆனால் மூன்று தேர்தல்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதில்தான் தப்பு நடக்கிறது. அவருடைய சொந்த பலம் எவ்வளவு, கட்சி கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க உதவுவது 2010 ஒன்றுதான். 2014 கொஞ்சம் சொல்கிறது. 2016 கிட்டத்தட்ட எதுவுமே சொல்வதில்லை.

முதலில் வாக்குச்சீட்டு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். நம்மூரில் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு ஓட்டு; முதல்வரும் அமைச்சர்களும் அதிலிருந்து வருகிறார்கள். கலிபோர்னியாவில் ஆளுநர், துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல், மாநிலச் செயலாளர், கன்ட்ரோலர் (மாநிலத்தின் கணக்குகளைக் கவனிப்பவர்), பொருளாளர், காப்பீட்டு ஆணையர் என ஒவ்வொரு பதவிக்கும் மாநிலம் முழுவதும் தனித்தனியாக ஓட்டுப் போடுகிறார்கள். அதே நாள், அதே சீட்டு, அதே வாக்காளர். ஆகவே ஒரு வேட்பாளரின் சொந்த பலத்தை அளக்க, அதே சீட்டில் நின்ற அவருடைய கட்சிக்காரர்கள் வாங்கியதோடு ஒப்பிட்டால் போதும். காற்று எந்தப் பக்கம் அடித்தது, பொருளாதாரம் எப்படி இருந்தது என்பவை எல்லோருக்கும் பொது என்பதால் அவை தானாகவே கழிந்துவிடும். மாநிலச் செயலாளர் அலுவலகம் வெளியிடும் இறுதி வாக்கு அறிக்கையை எடுத்துக்கொண்டால், கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) வாரியாக எல்லாப் பதவிகளின் எண்களும் அதிலேயே இருக்கின்றன.

2010 அட்டர்னி ஜெனரல் தேர்தலில் ஹாரிஸ் பெற்றது 44,42,781 ஓட்டு, 46.1 சதவீதம். குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் கூலி பெற்றது 43,68,624, அதாவது 45.3 சதவீதம். வித்தியாசம் 74,157.

அதே சீட்டில் மற்றவர்கள் நிலை என்ன? ஆளுநர் தேர்தலில் ஜெர்ரி பிரவுன், சொந்தப் பணத்தில் 14 கோடி டாலருக்கு மேல் கொட்டிய மெக் விட்மனை 53.8க்கு 40.9 என்று தோற்கடித்தார். செனட்டில் பார்பரா பாக்ஸர், கார்லி ஃபியோரினாவை 10 சதவீதப் புள்ளியில் வென்றார். துணை ஆளுநராக கேவின் நியூசம் சுமார் 11 புள்ளியில் ஜெயித்தார். கன்ட்ரோலர் ஜான் சியாங்கும் பொருளாளர் பில் லாக்யரும் 20 புள்ளி அளவுக்குப் போனார்கள். நாடு முழுக்க குடியரசுக் கட்சி அலை வீசி, காங்கிரஸின் கீழவை கைமாறிய ஆண்டு அது. அந்த அலை கலிபோர்னியாவில் நுழையவில்லை. மாநிலப் பதவிகளில் ஜனநாயகக் கட்சியின் மற்ற எல்லோரும் பத்துப் புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசம் எடுத்த சீட்டில், ஹாரிஸ் ஒருவர்தான் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

இங்கே ஒரு சமாதானம் அடிக்கடி வரும்: பசுமைக் கட்சி, லிபர்டேரியன், இன்னும் இரண்டு சிறு கட்சிகள் சேர்ந்து எட்டரை சதவீதத்தைக் கொண்டுபோய்விட்டன, அதனால்தான் ஹாரிஸ் இறங்கினார் என்று. சரிபார்ப்பது சுலபம். பெரிய கட்சிகள் இரண்டின் ஓட்டை மட்டும் கூட்டி, அதில் ஜனநாயகக் கட்சியின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஹாரிஸுக்கு 50.4 வருகிறது. பாக்ஸருக்கு 55.3, பிரவுனுக்கு 56.8, நியூசமுக்கு 56 அளவில். இத்தனைக்கும் நியூசமின் போட்டியில் சிறு கட்சிகள் வாங்கியது ஹாரிஸின் போட்டியைவிட அதிகம். சீட்டில் கீழே போகப் போக, பெயர் தெரியாத பதவிகளில் சிறு கட்சிகளுக்கு ஓட்டு கூடுவது அங்கே வழக்கம். ஆக, சிறு கட்சிகள் காரணமில்லை. ஐந்து முதல் ஆறு புள்ளி வரை ஹாரிஸ் தன் கட்சிக் கோட்டுக்கு, அதாவது அதே சீட்டில் கட்சிக்காரர்கள் வாங்கிய அளவுக்கு, கீழே நின்றார் என்பது நிஜம். அதை மறைத்துக்கொண்டு அவருடைய பலத்தைப் பற்றிப் பேச முடியாது.

அந்த ஐந்தாறு புள்ளி யாருடைய கணக்கில் சேரும் என்பதுதான் அடுத்த கேள்வி. என் பார்வையில் உண்மையான விவாதமே இங்குதான் தொடங்குகிறது.

கூலி சாதாரண எதிராளி அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் மாவட்ட அட்டர்னியாக (தலைமை அரசு வழக்கறிஞராக) 2000, 2004, 2008 என மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். மாநிலத்தின் மிகப் பெரிய கவுன்டி அது. ஜனநாயகக் கட்சியின் வாக்கு வங்கியும் அதுதான். மூன்றாம் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை தரும் சட்டத்தைச் சில்லறைக் குற்றங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நின்றவர் என்பதால் நடுநிலையாளர் என்ற பெயரும் இருந்தது. விட்மனுக்கும் ஃபியோரினாவுக்கும் இல்லாத தகுதி இது: அவர்கள் தொழிலதிபர்கள், இவர் அந்த வேலையையே பத்தாண்டு செய்தவர். அந்த ஆண்டு மாநிலப் பதவிக்குக் குடியரசுக் கட்சி நிறுத்தியவர்களிலேயே வலுவானவர் கூலி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனாலும் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ஹாரிஸ்தான் முந்தினார். மாவட்ட அட்டர்னி தேர்தல் கட்சிப் பெயர் இல்லாமல் நடப்பது. சீட்டில் கூலியின் பெயருக்கு எதிரே குடியரசுக் கட்சி என்று அச்சானதும், மூன்று முறை அவருக்குப் போட்டவர்களில் ஒரு பெரும் பகுதி திரும்பிப் போய்விட்டது. கட்சி சாராத பதவியில் வாங்கிய ஓட்டை அப்படியே கட்சித் தேர்தலுக்கு எடுத்து வந்து கணக்குப் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஹாரிஸின் சொந்தச் சுமைகளும் லேசானவை அல்ல. சான் ஃபிரான்சிஸ்கோ மாவட்ட அட்டர்னியாக இருந்தபோது, 2004-ல் பணியிலிருந்த காவலர் ஐசக் எஸ்பினோசா சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிக்கு மரண தண்டனை கேட்கப் போவதில்லை என்று ஹாரிஸ் சில நாட்களிலேயே அறிவித்தார். இறுதிச் சடங்கில் அவர் முன்னிலையிலேயே செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் மரண தண்டனை கோரிப் பேசினார். சொந்தக் கட்சியின் மூத்த தலைவர் அவர். ஆறு ஆண்டு கழித்து அந்த முடிவு மாநிலத் தேர்தலின் மையத்துக்கு வந்தது. காவலர் சங்கங்களில் பெரும்பாலானவை கூலி பக்கம் நின்றன. குடியரசுக் கட்சியின் தேசிய அளவிலான ஒரு குழு, கடைசி வாரங்களில் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து இதையே விளம்பரமாக ஓட்டியது. போதாததற்கு, அதே 2010-ல் சான் ஃபிரான்சிஸ்கோ காவல் துறையின் தடய ஆய்வகத்தில் போதைப்பொருள் முறைகேடு வெளிவந்து, நூற்றுக்கணக்கான வழக்குகள் தள்ளுபடியாயின. பிரச்சினையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்குத் தெரிவிக்கத் தவறியதாக நீதிபதி ஹாரிஸின் அலுவலகத்தைக் கண்டித்தார்.

இவையெல்லாம் பொருளாளருக்கோ கன்ட்ரோலருக்கோ வராத சுமை. அட்டர்னி ஜெனரல் பதவி என்றால் குற்றமும் தண்டனையும்தான் பேச்சு. சான் ஃபிரான்சிஸ்கோ அரசு வழக்கறிஞர் என்ற அடையாளமே அங்கே எதிராளிக்கு ஆயுதம். இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. 1990-ல் இதே பதவிக்கு ஜனநாயகக் கட்சி நிறுத்தியது ஆர்லோ ஸ்மித்தை. அவரும் சான் ஃபிரான்சிஸ்கோ மாவட்ட அட்டர்னிதான். டான் லங்ரெனிடம் 30,000-க்கும் குறைவான ஓட்டில் தோற்றார். அந்த ஆண்டு துணை ஆளுநர், மாநிலச் செயலாளர், கன்ட்ரோலர், பொருளாளர், காப்பீட்டு ஆணையர் என ஐந்து பதவிகளையும் ஜனநாயகக் கட்சி பிடித்தது. ஆளுநர் பதவியும் அட்டர்னி ஜெனரல் பதவியும் மட்டும் கைவிட்டுப் போயின. ஒரே நகரம், ஒரே வேலை, ஒரே பதவிக்கான போட்டி, இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே மாதிரி இறக்கம்.

இதை வைத்து முழுப் பழியையும் பதவியின் மேல் போட்டுவிடலாமா? கூடாது. 2006-ல் ஜெர்ரி பிரவுன் அட்டர்னி ஜெனரலுக்கு நின்றபோது அவரும் மரண தண்டனை எதிர்ப்பாளர் என்பது ஊரறிந்த விஷயம். ஆளுநராக இருந்தபோது 1977-ல் மரண தண்டனைச் சட்டத்தை நிராகரித்தவர். அதோடு, அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் ஆளுநர் தேர்தலில் சுலபமாக ஜெயித்த ஆண்டு அது. ஆனால் பிரவுன் 18 புள்ளியில் வென்றார். மாநிலம் முழுக்கத் தெரிந்த பெயர் என்றால் இந்தச் சுமையைத் தாங்கும் என்பதற்கு அது சான்று. 2010-ல் ஹாரிஸுக்கு அந்தப் பெயர் இல்லை. உட்கட்சித் தேர்தலில் பலமுனைப் போட்டியில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டு வாங்கி வந்தவர். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு வெளியே பெரிதாக அறியப்படாதவர்.

என் பங்கீடு இது: ஐந்தாறு புள்ளி இறக்கத்தில் பாதிக்கு மேல் கூலியின் தகுதிக்கும் பதவியின் தன்மைக்கும் போகும். மீதி இரண்டு, இரண்டரை புள்ளி ஹாரிஸின் சொந்தப் பலவீனம். இதைத் துல்லியமாகப் பிரிக்கும் சூத்திரம் எதுவும் கிடையாது. 1990-ஐயும் 2006-ஐயும் இரு எல்லைகளாக வைத்துக்கொண்டு நடுவில் எங்கே நிற்பது என்று தீர்மானிக்கலாம், அவ்வளவுதான்.

அதே தேர்தலில் அவர் காட்டிய ஒரு திறமையையும் சொல்ல வேண்டும். அக்டோபர் 5-ம் தேதி டேவிஸ் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த விவாதத்தில், லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி ஓய்வூதியத்தையும் அட்டர்னி ஜெனரல் சம்பளத்தையும் சேர்த்தே வாங்குவீர்களா என்று கூலியிடம் கேட்கப்பட்டது. வாங்குவேன், உழைத்துச் சம்பாதித்தது என்றார் கூலி. அந்தப் பதவியின் சம்பளம் மிகக் குறைவு என்றும் சேர்த்துக்கொண்டார். ஹாரிஸ் பாய்ந்து தாக்கவில்லை. தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் சம்பாதித்ததுதானே என்று சிரித்தபடி விட்டுவிட்டார். வேலையின்மை 12 சதவீதத்தைத் தொட்ட மாநிலத்தில் அந்தப் பதில் எப்படி ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சில நாட்களில் அது விளம்பரமாக வந்தது. எதிராளி தடுக்கி விழும்போது குறுக்கே போகாமல் இருப்பதும் தேர்தல் திறமைதான். 74,157 ஓட்டு வித்தியாசத்தில் இதற்குப் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நவம்பர் 2 இரவே கூலி தான் ஜெயித்துவிட்டதாக அறிவித்தார். அப்போது எண்ணப்படாமல் கிடந்தவை, தேர்தல் நாளன்று கையில் கொண்டுவந்து கொடுக்கப்பட்ட தபால் ஓட்டுகளும், தகுதி சரிபார்க்க வேண்டிய தற்காலிக ஓட்டுகளும். கையெழுத்தை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும் என்பதால் கவுன்டிகளுக்கு ஒரு மாதம் வரை ஆகும். கடைசி நிமிடத்தில் ஓட்டுப் போடுபவர்களில் இளைஞர்களும் அடிக்கடி வீடு மாறுபவர்களும் அதிகம். எண்ணிக்கை நீள நீள ஜனநாயகக் கட்சி ஏறுவது அங்கே பழகிய போக்கு. ஹாரிஸின் முன்னிலை 55,000-ஐத் தாண்டிய பிறகு, நவம்பர் 24 அன்று கூலி தோல்வியை ஒப்புக்கொண்டார். நவம்பர் 2 இரவு எண்களை வைத்து எழுதப்பட்ட பழைய கட்டுரைகள் இன்னும் சுற்றுகின்றன. வாதத்துக்கு அவற்றை எடுக்காதீர்கள்.

2014-க்கு வருவோம். கணக்குக்கு இது மிகச் சுத்தமான தேர்தல். முதல் சுற்றில் முன்னிலை பெறும் இருவர் மட்டும், எந்தக் கட்சியானாலும், இறுதிச் சுற்றுக்குப் போகும் முறை அதற்குள் வந்துவிட்டது. அதனால் எல்லாப் பதவிக்கும் நேரடி இருமுனைப் போட்டி. ஹாரிஸ் 57.5, குடியரசுக் கட்சியின் ரொனால்ட் கோல்டு 42.5. பதவியில் இருந்துகொண்டே நின்ற மற்றவர்கள்: ஆளுநர் பிரவுன் 60.0, நியூசம் 57.2, காப்பீட்டு ஆணையர் டேவ் ஜோன்ஸ் 57.5. புதிதாக நின்ற மாநிலச் செயலாளர் அலெக்ஸ் படீயா 53.6, கன்ட்ரோலர் பெட்டி யீ 54.0. அதாவது ஹாரிஸ் பதவியிலிருப்பவருக்கான சராசரியில் சரியாக நின்றார். 2010-ன் இறக்கம் நான்கு ஆண்டில் மறைந்துவிட்டது என்று இதைப் படிக்கலாம். ஆனால் கோல்டு கையில் பணமே இல்லாதவர், கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்ற வாதத்தோடு நின்றவர். கூலி போன்ற ஒருவர் மறுபடி எதிரே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 2014 சொல்லாது.

2016 செனட் தேர்தலைச் சுருக்கமாக முடிக்கலாம். இறுதிச் சுற்றில் ஹாரிஸும் லோரெட்டா சான்செஸும். இருவருமே ஜனநாயகக் கட்சி. ஹாரிஸ் 61.6 சதவீதம். அதே நாள் ஹிலாரி கிளின்டன் கலிபோர்னியாவில் 61.7. இரண்டு எண்களும் ஒட்டி நிற்பதால், ஹாரிஸ் ஹிலாரிக்கு இணையாக ஓட்டு வாங்கினார் என்று பலர் எழுதுகிறார்கள். பெரிய பிழை. ஹிலாரி வாங்கியது 87.5 லட்சம், ஹாரிஸ் 75.4 லட்சம். அதிபர் போட்டியில் விழுந்ததைவிட செனட் போட்டியில் சுமார் 19 லட்சம் ஓட்டுக் குறைவு. தங்கள் கட்சிக்காரர் இல்லாத போட்டியைக் குடியரசுக் கட்சி வாக்காளர்கள் பலர் காலியாக விட்டுப் போனார்கள். எஞ்சியவர்களின் விகிதம் தற்செயலாக 61.6-ல் வந்து நின்றது. எதிர்க்கட்சி வேட்பாளரே இல்லாத தேர்தலிலிருந்து கட்சி தாண்டிய பலத்தை அளக்க வழியில்லை. அதில் தெரிவது வேறொன்று: பாக்ஸர் ஓய்வை அறிவித்த சில நாட்களிலேயே களத்தில் இறங்கி, டாம் ஸ்டையர், அன்டோனியோ வியரைகோசா போன்ற கட்சிக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ளும்படி செய்த உட்கட்சி பலம். அது நிஜமான பலம்தான், வேறு வகை.

2024-ஐ இதோடு சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சேர்க்கலாம், அதே அளவுகோலோடு. கலிபோர்னியாவில் அவருடைய முன்னிலை 20 புள்ளி. 2020-ல் பைடன் எடுத்தது 29. ஆண்டு மாறினால் காற்று மாறும் என்பதால் இந்த ஒப்பீடு செல்லாது. அதே சீட்டில் செனட்டுக்கு நின்ற ஆடம் ஷிஃப் 58.9 வாங்கினார், பெரிய கட்சிகள் இரண்டை மட்டும் எடுத்தால் ஹாரிஸின் பங்கு 60.4. சொந்த மாநிலத்தில் கட்சிக் கோட்டுக்கு மேலேதான் நின்றிருக்கிறார்.

கடும் போட்டி மாநிலங்களில் செனட் வேட்பாளர்கள் ஜெயித்தார்கள், ஹாரிஸ் தோற்றார் என்ற வாதத்துக்கு வெறும் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மிஷிகனில் ஹாரிஸ் வாங்கியது 27.37 லட்சம், அங்கே செனட்டில் ஜெயித்த எலிசா ஸ்லாட்கின் வாங்கியது 27.13 லட்சம். ஜெயித்தவருக்கு ஓட்டுக் குறைவு. டிரம்புக்கு 28.17 லட்சம் போட்ட மாநிலம், அவருடைய கட்சியின் மைக் ராஜர்ஸுக்கு 26.94 லட்சம்தான் போட்டது. டிரம்புக்காக மட்டும் வந்தவர்கள் சீட்டின் மற்ற பகுதியைத் தொடவில்லை. நெவாடாவிலும் ஜாக்கி ரோசனைவிட ஹாரிஸுக்கு ஓட்டு அதிகம். விஸ்கான்சினில் டாமி பால்ட்வினுக்கு ஹாரிஸைவிட வெறும் 4,500 அளவில்தான் கூடுதல். ஆகவே இந்த மூன்று மாநிலங்களை வைத்து ஹாரிஸ் தன் கட்சிக்காரர்களைவிடப் பலவீனமானவர் என்று சொல்வது, டிரம்பின் பலத்தை ஹாரிஸின் பலவீனமாக எழுதுவதாகும்.

அரிசோனா மட்டும் வேறு. அங்கே ரூபன் காயேகோ ஹாரிஸைவிட 90,000 ஓட்டுக்கு மேல் அதிகம் வாங்கினார். பெரிய கட்சிகளின் பங்கில் பார்த்தால் சுமார் நான்கு புள்ளி இடைவெளி. 2010-க்குப் பிறகு ஹாரிஸ் தெளிவாகக் கோட்டுக்குக் கீழே தெரியும் இடம் இதுவே. அதிலும் ஒரு கழிவு உண்டு: காயேகோவின் எதிராளி கேரி லேக், 2022-ல் ஆளுநர் தேர்தலில் தோற்று, அந்த முடிவை ஏற்க மறுத்து, சொந்தக் கட்சியிலேயே ஒரு பகுதியைப் பகைத்துக்கொண்டவர். எதிரே கூலி நின்றதற்காக 2010-ல் ஹாரிஸுக்குச் சில புள்ளி சலுகை தருகிறவர்கள், எதிரே லேக் நின்றதற்காகக் காயேகோவின் கணக்கிலிருந்தும் சில புள்ளி எடுத்தாக வேண்டும்.